கூடமும் கோணல்தான்

துப்பாக்கியைப் பற்றி இந்த வாரம் எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயந்தான். இருபது வருஷ காலமாகச் சுண்ணாம்புக் கட்டியைத் தவிர வேறு ஆயுதம் தாங்காதவன் நான். அந்த ஆயுதமும், வகுப்பில் தூங்குகிற பையனைக் குறி வைத்து எறிந்தால், விழித்துக் கொண்டிருக்கிற பையன் மேல்தான் போய் விழும். இப்படிப்பட்டவன் துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா? குறி தவறுவதைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதி வாய்ந்தவன் யார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

வாசகர்கள் பயப்பட வேண்டாம். உயிரைக் குடிக்கும் துப்பாக்கியைப் பற்றி நான் பேச வரவில்லை. திருவிழாக் காலங்களில் கடற்கரையோரம் பலகையில் வரிசையாகப் பலூன்களைக் கட்டி வைத்து, பத்து ரவைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக் கொண்டு சுடக் கொடுக்கிறார்களே, அந்தக் காற்றுத் துப்பாக்கியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதன் குலத்தில் பிறந்த சீமாட்டிகளும் உண்டு. ஒலிம்பிக் பந்தயத்தில் பத்து மீட்டர் தூரத்திலிருந்து, அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியைச் சுடுவதற்கு உபயோகமாகும் துப்பாக்கிகள் அவை. பேனா முனையால் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அந்தக் காரியத்தின் அருமை தெரியும்.

எங்கள் முத்தியால்பேட்டையில், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். பதினோராம் வகுப்பு; என்னிடம் பௌதிகம் படிக்கிறவன். தகப்பனார் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர். தாயார் காலை வேளையில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறவள். பையனுக்கு இரண்டு வருஷமாகச் சுடும் பைத்தியம். யாரோ பழகிக் கழித்த ஒரு துப்பாக்கியை மலிவாக வாங்கி, கொல்லையில் கோணிப்பைகளில் மணல் நிரப்பி அடுக்கி, அதன் முன்னே அட்டையை மாட்டி, தினமும் சாயங்காலம் ஐம்பது ரவை சுடுவான். கண்ணுக்குக் கவசக் கண்ணாடி போடாமல் துப்பாக்கியைத் தொடுவதில்லை. பட்சிகளைச் சுடுவதில்லை, சுடுவது 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதற்காக மட்டுமல்ல, சுபாவத்திலேயே இரக்கமுள்ளவன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் திண்ணைக்கு வந்தான். கையில் ஐந்தாறு அட்டைகள். அம்மை போட்ட முகம் போல் அட்டை முழுவதும் துளைகள்.

"ஸார், துப்பாக்கியில் ஏதோ கோளாறு இருக்கிறது. போன மாதம் வரையில் இப்படி இல்லை. இன்னும் மூன்று வாரத்தில் பந்தயம்" என்றான்.

நான் அப்போது பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். தவறாக எழுதியவர்களெல்லாம் கேள்வியின் மேல் பழி போடும் காலம் அது. ஆகையால் எனக்கு இருந்த எரிச்சலில், "தம்பி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துப்பாக்கியைக் குறை சொல்லாதே. கையைப் பழக்கு" என்று சொல்லிவிட்டேன்.

பையன் மறுவார்த்தை பேசவில்லை. அட்டைகளை அடுக்கி எடுத்துக் கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு பத்து நாள், அந்தக் கொல்லையிலிருந்து 'டப்' என்ற சத்தமே வரவில்லை. பதினோராம் நாள் அவன் தாயார் என்னை வழியில் நிறுத்தி, "வாத்தியார் ஐயா, பிள்ளை துப்பாக்கியை வித்துடச் சொல்றான். என் கை சரியில்லைன்னு வாத்தியாரே சொல்லிட்டார்னு சொல்றான். ராத்திரியெல்லாம் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கிறான்" என்றாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கையைப் பரிசோதித்தா அப்படிச் சொன்னேன்? இல்லை. துப்பாக்கியைப் பார்த்தாவது சொன்னேனா? அதுவும் இல்லை. ஒரு பழமொழியை எடுத்து எறிந்தேன். சுண்ணாம்புக் கட்டியைப் போலவே அதுவும் வேறு யார் மேலோ போய் விழுந்தது.

மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். "போன மாதத்திலிருந்துதான் கோளாறு என்றாயே, போன மாதம் துப்பாக்கியில் என்ன செய்தாய்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பையன் துப்பாக்கியின் நுனியைக் காட்டினான். அங்கே ஒரு சாண் நீளத்தில், பளபளவென்று கறுப்பு வர்ணம் பூசிய ஓர் உருளை மாட்டியிருந்தது. நடுவில் துளை, பக்கங்களில் சீப்புப் போல் வெட்டுகள். இதை மாட்டினால் உதைப்பு குறையும், சத்தம் குறையும், ரவை இம்மி பிசகாமல் போகும் என்று விளம்பரம் செய்திருந்தார்களாம். நாலு மாதம் விடியற்காலையில் பத்திரிகை போட்டுச் சேர்த்த இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயை அனுப்பித் தபாலில் தருவித்திருக்கிறான். பெண்ணுக்கு மூக்குத்தி அழகு. துப்பாக்கிக்கு அது அழகா என்பதுதான் நாங்கள் தீர்க்க வேண்டிய வழக்கு.

* * *

வழக்கை விசாரிக்குமுன் பிரதிவாதியின் அங்க லட்சணங்களைச் சொல்லிவிடுகிறேன். பையனுடைய துப்பாக்கி சுருள்வில்லினால் வேலை செய்வது. குழலைப் பிடித்து நடுவில் மடக்கினால் உள்ளே ஒரு பெரிய வில் அமுங்கிப் பூட்டிக் கொள்ளும். ரவையைக் குழலின் அடியில் செருகிக் குழலை நிமிர்த்த வேண்டும். குதிரையை இழுத்தால் வில் விடுபட்டு, ஓர் உந்துதண்டை முன்னே தள்ளும். அது காற்றை அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று ரவையை வெளியே தள்ளும். ரவையோ ஈயத்தால் ஆனது; 4.5 மில்லிமீட்டர் பருமன். எடை ஏறக்குறைய அரை கிராம். தலை கனமாயும், இடுப்பு சிறுத்தும், பின்புறம் பாவாடை போல் விரிந்து உள்ளே குடைவாயும் இருக்கும். இறகுப் பந்து எப்படித் தலையை முன்னே வைத்துக் கொண்டு பறக்கிறதோ, அப்படியே இதுவும் பறப்பதற்காக அந்த உருவம். குழலின் உட்புறத்தில் திருகு போல் வளைந்து ஓடும் வரிகள் ரவையைப் பம்பரம் போல் சுழற்றியும் அனுப்புகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது. தண்டு காற்றின் மேல் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே துள்ளுகிறது. இந்தக் கூத்தெல்லாம் நடந்து கொண்டிருக்கையிலேயே ரவை குழலுக்குள் ஓடிக் கொண்டிருக்கிறது. ஆகவே குழலின் நுனி, ரவை வெளியேறுகிற அந்தக் க்ஷணத்தில் எந்தத் திசையைப் பார்த்துக் கொண்டிருக்கிறதோ, அதுவே ரவையின் தலைவிதி. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகுவதற்கு, குழலின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவு போதும்.

* * *

குழலின் நுனியைக் கோணலாக்கிப் பார்த்துச் சாஸ்திரம் கண்ட ஒரு மனிதர் நம் ஊருக்கு மிகவும் சமீபத்தில் உயிர் நீத்தார் என்பது அநேகருக்குத் தெரிந்திராது. புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் கடலூர். அதை அடுத்து, கெடில நதி கடலில் சேரும் இடத்துக்கு அருகில் தேவனாம்பட்டினம். அங்கே இருந்த கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690-ல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். எல்லையை எப்படி வரையறுத்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரையில் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம். அதற்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டது. உழுகிறவனைக் கேட்டவர் இல்லை, குண்டைத்தான் கேட்டார்கள். குழலின் கோணத்தில் குடியானவனுடைய குடியுரிமை அடங்கியிருந்த காலம்!

அந்தக் கோட்டைக்கு 1750-ல் பிரதம இஞ்சினீயராக வந்து சேர்ந்தவர் பெஞ்ஜமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். நாலு வருஷத்துக்கு முன்னே, 1746-ல், பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக் கொண்டதில் கம்பெனியார் நடுங்கிப் போயிருந்தார்கள். சென்னை திரும்பக் கிடைத்த பிறகும், புதுச்சேரியில் இருந்த டூப்ளேயை நினைத்தால் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. கோட்டைகளைச் செப்பனிட வேண்டும் என்று இவரை வரவழைத்தார்கள். ஆனால் இவர் வெறும் கொத்தனார் அல்ல, கணித சாஸ்திரி. 1742-ல் பீரங்கி சாஸ்திரத்தின் புதிய தத்துவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, ஐரோப்பாவில் பெயர் பெற்றவர். மகா கணித மேதையாகிய ஆய்லர் அந்த நூலை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்து, மூலத்தை விடப் பெரிய வியாக்கியானமும் எழுதினார். கனமான ஒரு மரக்கட்டையை ஊஞ்சல் போல் தொங்கவிட்டு, அதில் குண்டு பாய்ந்ததும் அது எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தை அளக்கும் உபாயம் இவர் கண்டது. இன்றைக்கும் பௌதிக வகுப்பில் நான் கரும்பலகையில் அந்தப் படத்தைத்தான் போடுகிறேன்.

அவர் செய்த ஒரு பரீட்சையே நமது வழக்குக்கு முக்கியம். ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடது பக்கமாகச் சிறிது வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளை வெவ்வேறு தூரங்களில் தொங்கவிட்டுச் சுட்டார். குழல் இடது பக்கம் பார்க்கிறது. குண்டும் இடது பக்கம் போக வேண்டும் என்றுதானே யாரும் சொல்வார்கள்? முதல் திரைகளில் இடது பக்கந்தான் துளை விழுந்தது. தூரம் செல்லச் செல்லக் குண்டு திரும்பி, நேர்கோட்டைத் தாண்டி, கடைசியில் வலது பக்கம் போய் விழுந்தது!

காரணம் என்னவென்றால், வளைந்த குழலின் ஒரு சுவரில் உராய்ந்து கொண்டே வருகிற உருண்டைக் குண்டு, உருண்டு சுழன்று வெளியே வருகிறது. சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கால்பந்து ஆட்டக்காரன் ஓரத்தில் உதைத்த பந்து அந்தரத்தில் வளைவதும் இதே மர்மந்தான். குழலுக்குள் எந்தச் சுவரில் எப்படி உராய்ந்தது என்பது சூட்டுக்குச் சூடு மாறுகிறபடியால், குண்டுகளும் ஆளுக்கு ஒரு பக்கம் போகின்றன. இதற்குப் பரிகாரம், குழலின் உள்ளே திருகு வரிகளை வெட்டி, குண்டு போகிற திசையையே அச்சாக வைத்துச் சுழலும்படி செய்வதுதான் என்று 1747-ல் ராபின்ஸ் எடுத்துக் காட்டினார். இந்த வித்தையைப் பூரணமாகக் கற்கும் தேசம் மற்ற தேசங்களை வெல்லும் என்றும் எச்சரித்தார்.

தேவனாம்பட்டினத்தின் ஜுரத்துக்குச் சாஸ்திரி என்றும் சாமானியன் என்றும் பேதம் இல்லை. 1751-ம் வருஷம் ஜூலை 29-ம் தேதி, நாற்பத்து நாலாவது வயதில், அங்கேயே ராபின்ஸ் இறந்து போனார். எனக்கும் இப்போது அதே வயதாகையால், அந்த எண்ணைப் படித்தபோது புஸ்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்தேன். அவர் காக்க வந்த கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்தார்கள். புதுச்சேரிக் கோட்டையை 1761-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இரண்டு கோட்டைகளும் போயின. இரண்டு கம்பெனிகளும் போயின. இரண்டு கொடிகளும் இறங்கின. காகிதத் திரையில் விழுந்த துளை சொன்ன உண்மை மாத்திரம் போகவில்லை. அது வந்தவனுக்கும் சொந்தம், இருந்தவனுக்கும் சொந்தம்.

* * *

அந்தப் பரீட்சையை முத்தியால்பேட்டைக் கொல்லையில் நாங்களும் நடத்தினோம். பட்டம் ஒட்டுகிற மெல்லிய காகிதத்தைச் சட்டத்தில் ஒட்டி, இரண்டு மீட்டரில் ஒன்று, ஐந்து மீட்டரில் ஒன்று, கடைசியில் பத்து மீட்டரில் அட்டை. பையனுடைய கையின் மேல் யாருக்கும் சந்தேகம் வராதபடி, மேஜையின் மேல் மணல் பையை வைத்து, அதன் மேல் அவன் உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியை இறுக்காமல் உள்ளங்கையில் கிடத்தச் சொன்னேன். சுருள்வில் துப்பாக்கியை நேரே கட்டையான பொருளின் மேல் வைத்தாலும், இறுகப் பிடித்தாலும், அதன் துள்ளல் ஒவ்வொரு தடவையும் வேறாகும். தன் இஷ்டத்துக்குத் துள்ள விட்டால்தான் ஒரே மாதிரி துள்ளும்.

முதலில் உருளையோடு பத்து ரவை. பிறகு உருளையைக் கழற்றிப் பத்து ரவை. பிறகு மறுபடியும் உருளையை மாட்டிப் பத்து. மறுபடியும் கழற்றிப் பத்து. இப்படி மாற்றி மாற்றிச் சுட்டால்தான் நேரம் ஆக ஆகக் கை களைத்ததா, வெளிச்சம் குறைந்ததா என்ற சந்தேகங்களுக்கு இடமிராது. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ரவையையும் மாற்றி, உருளையையும் மாற்றி, நிற்கும் நிலையையும் மாற்றிவிட்டு, எதனால் குணமாயிற்று என்று தேடுகிறவன், மூன்று வைத்தியர்களிடம் ஒரே நாளில் மருந்து சாப்பிட்டவனைப் போன்றவன்.

தீர்ப்பு அரை மணியில் தெரிந்து விட்டது. உருளை இல்லாமல் சுட்ட பத்துத் துளைகளும் ஏறக்குறைய ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் அடங்கின. உருளையோடு சுட்டவை ஒரு பூரியின் அளவுக்குச் சிதறின. அதைவிட ருசிகரமானது, இரண்டு மீட்டரில் இருந்த பட்டக் காகிதம். உருளை இல்லாதபோது அதில் விழுந்த துளைகள் வட்டமாயிருந்தன. உருளையை மாட்டியபோது சில துளைகள் சாவித் துவாரம் போல் நீண்டிருந்தன. அதாவது, ரவை அங்கே வருவதற்குள்ளேயே தலை சாய்ந்து விட்டது!

பையன் உருளையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வாய்த் துளையின் ஓரத்தில், ஒரே பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஈயம் தீற்றியிருந்தது. ரவை போகிற வழியில் அந்த விளிம்பில் உரசிக் கொண்டு போயிருக்கிறது. பையன் முகத்தை நான் பார்த்தேன். இழந்த பணத்துக்காகத் துக்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

* * *

குற்றவாளி அகப்பட்டான், குற்றம் எப்படி நடந்தது என்பதை அவன் தகப்பனார் சொன்னார். உருளையைப் பட்டறைக்கு எடுத்துப் போய், குழலின் பருமனுக்கு ஒரு கம்பி கடைந்து, அதன் மேல் மாட்டி லேத்தில் சுற்றவிட்டுப் பார்த்தாராம். "வாத்தியாரே, தலை சுத்துற பம்பரம் மாதிரி ஆடுது. உள் துளை குழலைவிடப் பெரிசு. அதை ஒரே ஒரு திருகாணியாலே ஒரு பக்கமா நெருக்கி நிறுத்தியிருக்கான். ஒரு பக்கம் நெருக்கினா, மறுபக்கம் சாயாதா?" என்றார். அத்துடன், துப்பாக்கியை மடக்கும்போதெல்லாம் பையன் அந்த உருளையைப் பிடித்துத்தான் மடக்கியிருக்கிறான். ஒவ்வொரு மடக்கலுக்கும் அது சிறிது அசைந்து கொடுத்திருக்கிறது.

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. பலூன் கடைத் துப்பாக்கியும் கோணல்தான். ஆனால் ஊர்ப் பையன்கள், 'அண்ணே, இந்தத் துப்பாக்கி ரெண்டு விரல் வலது பக்கம் போகும்' என்று கண்டுபிடித்து, இடது பக்கம் தள்ளிக் குறி வைத்து, கடைக்காரருடைய பலூன்களையெல்லாம் காலி செய்து விடுகிறார்கள். கோணல் என்றைக்கும் ஒரே கோணலாக இருந்தால் அதற்கு மருந்து உண்டு. வேளைக்கு ஒரு கோணலாக இருந்தால் மருந்தே கிடையாது. குழலைச் சீர்ப்படுத்துவது என்பதெல்லாம், இந்த மாறும் கோணலை மாறாத கோணலாக ஆக்குவதுதான்.

தகப்பனார் உருளையைத் தூக்கி எறியவில்லை. உள்ளே கச்சிதமாக ஒரு பித்தளை வளையம் கடைந்து போட்டு, ஒரு திருகாணிக்குப் பதில் மூன்று பக்கமும் மூன்று வைத்து, வாய்த் துளையையும் நடுவாகச் சிறிது அகலப்படுத்தினார். மறுபடியும் சுட்டோம். சிதறல் நின்றது. துளைகள் உருளை இல்லாதபோது விழுந்த அளவுக்குள்ளேயே விழுந்தன. ஆனால் எல்லாம் ஒரு விரற்கடை தாழ்ந்து விழுந்தன. நுனியில் பாரம் ஏறியதால் குழலின் துள்ளலும் அதிர்வும் மாறிவிட்டன. அது ஒரே மாதிரியான மாறுதல் ஆகையால், பின்குறியை நாலு சொடுக்குத் திருப்பியதும் சரியாகி விட்டது.

"அப்படியானால் இதனால் லாபம் என்ன, ஸார்?" என்று பையன் கேட்டான்.

"உன் துப்பாக்கிக்கு ஒன்றும் இல்லை, தம்பி" என்றேன்.

இதைச் சற்று விளக்க வேண்டும். ரவை குழலை விட்டு வெளியே வரும்போது, அதன் பின்னால் அடைபட்டிருந்த காற்றும் பீறிட்டு வருகிறது. அந்தக் காற்று ரவையையும் முந்திக் கொண்டு ஓடி, அதன் பாவாடையைப் பின்னிருந்து தள்ளி, தலையைச் சாய்க்கப் பார்க்கும். முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துக் கொள்ளும் உயர்ந்த ரகத் துப்பாக்கிகளில் இந்தப் பீறல் அதிகம். ஆகையால் அவற்றின் நுனியில், ரவை நடுவே போகவும் காற்று பக்கங்களில் சிதறவும் கூம்பு போன்ற ஓர் அமைப்பு வைப்பதுண்டு. அதனால் பலனும் உண்டு. சுருள்வில் துப்பாக்கியில் காற்றின் அளவே சொற்பம். நுனிக்கு வருவதற்குள் அதன் வேகம் பெரும்பாலும் அடங்கி விடுகிறது. அடங்கிய காற்றைச் சிதற அடிக்க ஆயிரக் கணக்கில் செலவழிப்பது, வடிந்து போன ஏரிக்குக் கலிங்கல் கட்டுவது போல. உதைப்புக் குறையும் என்பதும் இதில் பெயரளவுக்குத்தான். மடக்குவதற்குப் பிடியாகவும், நுனிக்குக் கொஞ்சம் பாரமாகவும் உதவும், அவ்வளவே.

* * *

அதற்குப் பதில், காசு செலவில்லாத காரியங்கள் சில இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் செய்தோம்.

கட்டையையும் குழலையும் சேர்க்கும் திருகாணிகள் சுடச் சுடத் தளரும். பையனுடைய துப்பாக்கியில் மூன்றில் இரண்டு தளர்ந்திருந்தன. அவற்றை முடுக்கினோம். குழல் மடங்குகிற மூட்டில் உள்ள அச்சாணி தளர்ந்திருந்தால், குழல் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய்ப் படியும். பின்குறி உடலிலும் முன்குறி குழலிலும் இருந்தால், இரண்டுக்கும் பொருத்தமே இராது. மடக்கிய குழல் தன் பாரத்தினாலேயே விழாமல், வைத்த இடத்தில் நிற்கும் வரையில் அச்சாணியை முடுக்கினோம்.

அடுத்தது குழலின் வாய் விளிம்பு. ரவை கடைசியாகத் தொடுகிற இடம் அதுதான். அங்கே ஒரு பக்கத்தில் ஒரு சிறு வடு இருந்தால், அந்தப் பக்கம் காற்று முன்னதாகக் கசிந்து ரவையைத் தள்ளும். எப்போதோ துப்பாக்கி தரையில் விழுந்ததில் ஒரு வடு இருந்தது. தகப்பனார் ஓர் உருண்டைத் தலைப் பித்தளைத் திருகாணியில் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, விளிம்பில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். பொடி உள்ளே போகாமல் குழலுக்குள் துணியை அடைத்துக் கொண்டார். கால் மணி நேரத்தில் விளிம்பு மோதிரம் போல் பளபளத்தது. பிறகு குழலின் உள்ளே படிந்திருந்த ஈயத்தைத் துடைத்தோம். கடைசியாக, மூன்று விதமான ரவைகளை வாங்கி, பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, இந்தக் குழல் எதை விரும்புகிறது என்று தெரிந்து கொண்டோம். ஒரு குழலுக்கு அமிர்தமான ரவை இன்னொரு குழலுக்கு ஆகாது.

அந்த ஐந்து ரூபாய் நாணயம் இப்போது ஒரு சட்டைப் பொத்தானாகச் சுருங்கியிருக்கிறது. பந்தயத்தில் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். பையன் ஜயிக்கவில்லை; அவனைவிட நன்றாகச் சுட்டவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் தோற்று வந்த அன்று, "ஸார், கடைசிப் பத்து ரவையும் என் கை தவறுதான். துப்பாக்கி சரியாயிருந்தது" என்று அவன் சொன்னபோது, எனக்கு அவன் கேடயம் வாங்கி வந்ததைப் போல் இருந்தது. எது தன் குற்றம், எது தன் குற்றமல்ல என்று பிரித்துச் சொல்ல அவனுக்குத் தெரிந்து விட்டதல்லவா?

இது சிறிய விஷயமல்ல. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா, பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்தில், தனி ஒருவராக இந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தார். இறுதிச் சுற்றுக்கு முன்னால் அவர் சுட்டுப் பார்த்த சோதனை ரவை நடுப்புள்ளியை விட்டு வெகு தூரம் விலகி விழுந்தது. அந்த இடத்தில் அவர் தம் கையைச் சந்தேகித்திருந்தால் கதை முடிந்திருக்கும். குறிக்கருவிதான் பிசகியிருக்கிறது என்று தெளிந்து, கிடைத்த சொற்ப நேரத்தில் அதைத் திருப்பிச் சரி செய்தார். கடைசி ரவைக்கு 10.8 வாங்கி, மொத்தம் 700.5-ல் ஜயித்தார். வருஷக் கணக்காகத் தம் கையையும் கருவியையும் தனித்தனியே பரீட்சித்தவருக்குத்தான் அந்தத் தெளிவு வரும்.

ராபின்ஸ் கண்மூடிய அதே கடலூர் மண்ணில் 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவன் என்ற பெண், 2019-ல் ரியோ நகரத்து உலகக் கோப்பையில் இதே பந்தயத்தில் தங்கம் வாங்கினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டார். குண்டு விழுந்த தூரத்தைக் கொண்டு நம் ஊர்களை அளந்து எடுத்துக் கொண்ட கோட்டை இருந்த இடத்திலிருந்து, உலகம் பார்க்க அந்த வித்தையை ஆட ஒரு பெண் பிள்ளை புறப்பட்டாள் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

ஆடத் தெரியாதவளைப் பற்றிய அந்தப் பழமொழியை நான் இப்போதெல்லாம் வகுப்பில் சொல்வதில்லை. ஆடத் தெரியாதவர்கள் உலகத்தில் உண்டு; சந்தேகமில்லை. ஆனால் கோணலான கூடங்களும் உண்டு. நன்றாக ஆடக் கூடிய எத்தனையோ பெண்கள் அந்தக் கூடங்களில் தடுக்கி விழுந்து, தங்கள் காலையே நொந்து கொண்டு சலங்கையைக் கழற்றி வைத்திருப்பார்கள். குழந்தைகள் வந்து கூடம் கோணல் என்று சொன்னால், பழமொழியை எடுக்குமுன் பெரியவர்களாகிய நாம் ஒரு நூலை எடுத்து அளந்து பார்ப்போம். கோணல் கூடத்தில் இல்லையென்றால், பிறகு காலைப் பற்றிப் பேசலாம்.

பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். வாத்தியார் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று அவன் தாயார் பதறிப் போனாள். பையன் மட்டும், "பரவாயில்லை, ஸார். ஒரு தடவை குறி தவறுவது யாருக்கும் சகஜம்" என்றான்.